சீமாட்டியின் தீர்ப்பு

ஒரு ஊரில் சீமாட்டி என்று ஒரு பூனை இருந்தாள். வயது பதினான்கு. அவளை வளர்த்த பிரகாசியம்மாள் மீன் வாங்கும்போது கூடையிலிருந்து ஒன்றை எடுத்துச் சீமாட்டி முன்னால் போடுவாள். சீமாட்டி முகர்ந்து கவ்வினால் மீன் வீட்டுக்குள் வரும். முகத்தைத் திருப்பினால் அப்படியே திரும்பிப் போகும். இப்படி ஒரு பதவி அந்தத் தெருவில் வேறெந்தப் பூனைக்கும் இல்லை.

ஒரு நாள் காலையில் அவள் முன் ஒரு கெண்டை விழுந்தது.

"வாசனை எப்படி?" என்று சீமாட்டி மூக்கைக் கேட்டாள்.

"ஒன்றும் எட்டவில்லை. தரையை மோந்த மாதிரி இருக்கிறது."

"சரி, கடித்துப் பார்த்துவிடலாம்."

"என்னை நம்பிக் கடிக்காதே," என்றது கடைவாய்ப் பல். "நேற்றுக் கடித்ததற்கே இன்னும் உயிர் போகிறது."

மூக்கு மங்கிய பூனையை நாளைக்கு யார் கூப்பிடுவார்கள்? சீமாட்டி மிகுந்த கம்பீரத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கெட்ட மீன்," என்றாள் பிரகாசியம்மாள்.

"விடியற்காலம்தான் குளத்தை விட்டு வந்தேன்," என்று கூடைக்குள் போகும்போது கெண்டை முணுமுணுத்தது. "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்தப் பேர் வந்ததில்லை."

மறுநாள் கெளுத்தி. அதற்கு மறுநாள் ஜிலேபி மீன். ஒரே தீர்ப்பு. சீமாட்டி யாரும் பார்க்காதபோது மோர்ச் சட்டியை நக்கிக்கொண்டாள். முதுகெலும்பு துருத்தத் தொடங்கியது.

"ஏட்டி, பூனைக்கு நாக்கு நீண்டுபோச்சு," என்றார் பிரகாசியம்மாளின் கணவர் மிக்கேல், மூன்றாம் நாள் ரசத்தைப் பார்த்தபடி. "எனக்கு நாக்கு செத்துப்போச்சு."

மீன்காரி சவரிக்குத்தான் பெரிய அடி. "உங்க பூனை பேச்சைக் கேட்டு தெருவே என்கிட்ட வாங்க மாட்டேங்குதுக்கா," என்றவள், நான்காம் நாள் ஒரு வாளியோடு வந்தாள். "இதையும் அழுகல்னு சொல்லட்டும். நான் பூ விக்கப் போறேன்."

வாளியிலிருந்து ஒரு விரால் தரையில் துள்ளி விழுந்தது. சீமாட்டி பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பினாள்.

"தீர்ப்பை மாற்றச் சொல்லவில்லை, தாயே," என்றது விரால். "நான் இன்னும் சாகவே இல்லை. அதை மட்டும் கவனித்துக்கொள்."

சவரி சிரித்தாள். பிரகாசியம்மாள் சிரிக்கவில்லை. நான்கு நாளில் முதல்முறையாக அவள் மீனைப் பார்க்காமல் பூனையைப் பார்த்தாள். தூக்கினாள். கையில் கனமே இல்லை. வாயைத் திறந்தால், ஈறு சிவந்து வீங்கியிருந்தது.

"ஏளா சவரி, உன் மீன்ல ஒண்ணுமில்ல," என்றாள் மெதுவாக.

மாட்டாஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கினார்கள். "மோப்பமும் குறைஞ்சிருக்கு," என்றார் டாக்டர். "முள்ளெடுத்து, மசிச்சு, வெதுவெதுப்பா வையுங்க. ஆவி வந்தாத்தான் இதுக்கு வாசனை தெரியும். இனி ஒரு நாள் சாப்பிடலைன்னாலும், ருசி பாக்குதுன்னு விட்றாதீங்க. கூட்டிட்டு வாங்க."

அதன்பிறகு பிரகாசியம்மாளே செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கினாள். தன்னைத் தாண்டி மீன் உள்ளே போவதைச் சீமாட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். பதவி போய்விட்டது. இனி சோறும் போய்விடும் என்று நினைத்தாள்.

சற்று நேரத்தில் ஆவி பறக்க ஒரு தட்டு வந்தது.

"மீன் எப்படிளா இருக்கு?" என்றாள் பிரகாசியம்மாள்.

நல்லதா, கெட்டதா? சீமாட்டி மூக்கைக் கேட்கவில்லை, பல்லையும் கேட்கவில்லை.

"தெரியவில்லை," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் பாதித் தட்டு காலி.