ஆயிரம் வாட் ஸ்டிக்கர்

திருநெல்வேலியில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கேம் சென்டர் முதலாளி பலவேசம் அண்ணாச்சி பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வந்தார். மாட்டியதும் திரையில் நீலக்கடல் விரிந்தது. அதன்மேல் தீவுகள் மேகம்போல மிதந்தன. பார்த்தவர்கள் கண்சிமிட்ட மறந்தார்கள். மறுகணமே கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. மூன்று முறை போட்டுப் பார்த்தும் இதே கதைதான்.

"இந்தக் கார்டுக்கு, உள்ள கரண்ட் குடுக்குற பவர் சப்ளை பத்தாது அண்ணாச்சி. மாத்தணும்," என்றாள் மெக்கானிக் இசக்கியம்மாள்.

"அந்தப் பவர் சப்ளை என் மச்சான் பார்த்து வாங்குனது. ஆயிரம் வாட்னு ஸ்டிக்கரே ஒட்டியிருக்கு, படிக்கத் தெரியாதா? அஞ்சு மணிக்குப் போட்டி. அதை மாத்தாம ஓட்டிக் காட்டு. முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

இசக்கி தலையாட்டினாள். அரைமணியில் கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது. ஆனால் கடல் மங்கிக் கிடந்தது. தீவுகள் தத்தித் தத்தி நகர்ந்தன. அண்ணாச்சி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பழைய கார்டு! அதன்மேல் புதுக் கார்டின் பெயரை எழுதி ஒட்டியிருந்தாள்.

"யாரை ஏமாத்துத? ஸ்டிக்கர் ஒட்டுனா பழசு புதுசாயிருமா?"

"ஆகாதுல்லா? அப்ப அந்த ஆயிரம் வாட் ஸ்டிக்கரையும் கொஞ்சம் உரிச்சுப் பாருங்க அண்ணாச்சி."

நகத்தால் உரித்தார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: நானூற்றைம்பது வாட்.

போட்டிக்கு வந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி பைக் சாவியை நீட்டினார். "நீயே நல்லதா பார்த்து எடுத்துட்டு வா, தாயி."

போட்டி ஒருமுறைகூட நிற்காமல் நடந்து முடிந்தது. அதன்பிறகு அண்ணாச்சி மச்சானை வாழைப்பழம் வாங்கக்கூடக் கடைக்கு அனுப்பவில்லை.