வெட்டிய இடத்துக்குப் பிறகு

"டீச்சர், என் மக சிரிக்க மாட்டேங்கா" என்றாள் சுடர்க்கொடி.

எஸ்தர் டீச்சர் போர்டை அழித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"போனுக்கு முன்னாலயா?"

"இல்ல டீச்சர். போனைத் தூக்குனா நல்லாத்தான் சிரிக்கா. தலையைச் சாய்ச்சு, கன்னத்துல குழி விழ. கீழ வச்சா போயிருது."

அழிக்கிற கை நின்றது.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள். டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சுடர்க்கொடி உட்கார்ந்தாள்.

தென்காசியில் ஒரு மருந்துக்கடை மாடியில் நடக்கிற வகுப்பு அது. ஊறுகாய் போடுகிறவர்கள், கேக் செய்கிறவர்கள், வீட்டில் இருந்தபடி தைக்கிறவர்கள் என்று பலரும் வருவார்கள். கையில் இருக்கிற போனை வைத்து வியாபாரத்தை வளர்ப்பது எப்படி என்று எஸ்தர் சொல்லிக்கொடுப்பார். வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். சுடர்க்கொடியும் மூத்தவள்தான். ஆனாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

அதிகம் பேச மாட்டார்.

லட்சம் பேரிடம் போய்ச் சேர என்ன வழி என்று ஊறுகாய் விற்கிற ஒரு அம்மாள் ஒருமுறை கேட்டார். கடைசியாக உங்களிடம் வாங்கியவர் பெயர் என்ன என்று டீச்சர் திருப்பிக் கேட்டார். அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.

"ஆரம்பத்துலேருந்து சொல்லுங்கக்கா" என்றார் டீச்சர்.

சுடர்க்கொடி சொன்னாள்.

அவள் கணவன் பேச்சிமுத்து வேலை பார்த்த ஜவுளிக்கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் ஒரு தையல் மிஷின் கிடந்தது. அவள் சின்னப் பிள்ளைகளுக்கு கவுன் தைக்க ஆரம்பித்தாள். அவன் இஸ்திரி போட்டு, மடித்து, பார்சல் கட்டினான். இரண்டு பேருக்கும் வேலை சரியாக இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை.

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி, கவுன்களை ஹேங்கரில் மாட்டிப் படம் போட்டுப் பார்த்தாள். யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஒருநாள் மகள் மதிவதனிக்கே ஒன்றைப் போட்டுவிட்டு எடுத்தாள். அன்றைக்கே ஆட்கள் விலை கேட்டார்கள்.

அப்புறம் அது மதியின் பக்கமாகவே ஆகிவிட்டது.

அப்பா விழுகிற வீடியோ பேச்சிமுத்துவின் யோசனை. அவன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். மதி புதுக் கவுனில் வந்து ஒரு சுற்றுச் சுற்றி, நான் எப்படி இருக்கேன் என்று கேட்பாள். அவன் நிமிர்ந்து பார்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிவான். மதி போன் பக்கம் திரும்பித் தலையைச் சாய்த்து, "மக்களே, அப்பா அவுட்!" என்று சிரிப்பாள்.

ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது. ஒவ்வொரு புதுக் கவுனுக்கும் அப்பா விழுந்தார். நீலத்துக்கு விழுந்தார், பூப்போட்டதுக்கு விழுந்தார். விழுந்து எழுந்ததும் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"அதெல்லாம் நெசச் சிரிப்பு டீச்சர். நடிப்பு இல்ல."

"ம்."

"நல்லாத்தான் இருந்தோம்."

"அப்புறம்?" என்றார் டீச்சர்.

அன்றைக்குக் கூரியர் கடை சாத்துவதற்குள் பார்சல்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. மஞ்சள் கவுன் வீடியோவும் வெளிச்சம் போவதற்குள் எடுத்தாக வேண்டும். சுடர்க்கொடி போனை ஸ்டாண்டில் மாட்டி வைத்தாள். நீங்களே எடுத்து முடித்துவிடுங்கள் என்று இருவரிடமும் சொன்னாள். பட்டனை அமுக்க மதிக்குத் தெரியும். பார்சல் பையைத் தூக்கிக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள்.

கூரியர் கடையில் கூட்டம்.

திரும்பி வந்தபோது பேச்சிமுத்து தரையில் கிடந்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது. மதி அவன் பக்கத்தில் இல்லை. ஸ்டாண்டுக்கு முன்னால், போனில் முகம் முட்டுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"பெத்த அப்பன் கீழ கெடக்கான். இவ போனப் பாத்துக்கிட்டு நிக்கா. எனக்கு என்ன வந்துச்சோ தெரியல டீச்சர். ஸ்டாண்டு சாயுற மாதிரி அவள இழுத்து, முதுகுல ஓங்கி அடிச்சேன். இப்பவும் உனக்கு வீடியோ கேக்குதான்னு கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு நடந்ததப் பத்தி இதுவரைக்கும் ஒண்ணுமே சொல்லல."

பெரியாஸ்பத்திரியில் டாக்டர், கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். உயிர் மட்டும் தப்பியது. வலது கையும் காலும் பேச்சும் போனது போனதுதான். இப்போது அவன் முன்னறைக் கட்டிலில் கிடக்கிறான். ஏதாவது வேண்டும் என்றால் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். சத்தம் கேட்டால் மதி எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

"எம் புள்ளைய நானே கல்லாக்கிட்டேனா டீச்சர்?"

 எஸ்தர் அவளை இன்றைக்கு வீட்டுக்குப் போய், போனை வேறு யார் வீட்டிலாவது கொடுத்து வைத்துவிட்டு, பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு நாளைக்கு வரச் சொன்னார்.

மறுநாள் சுடர்க்கொடி வந்தாள். முகம் முன்னைவிட வாடியிருந்தது.

போனை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாளாம். இட்லியும் தக்காளிச் சட்னியும். மதி தட்டைத் தன் பக்கம் நேராக்கினாள். முடியை ஒதுக்கிவிட்டாள். முதல் வாய் எடுப்பதற்கு முன்னால் சுற்றிலும் பார்த்தாள்.

"எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

போனை எங்கும் ஒளித்து வைக்கவில்லை என்று சுடர்க்கொடி சொன்னாள்.

மதி எழுந்து போய் ஜன்னல் மேட்டில் பார்த்தாள். டிபன் டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். பிரிட்ஜுக்கு மேலே எக்கிப் பார்த்தாள். திரும்ப வந்து உட்கார்ந்து, போனுக்கு வழக்கமாகக் காட்டுகிற பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, தட்டில் இருந்த மூன்றையும் சாப்பிட்டு முடித்தாள்.

"சத்தியமா இல்லம்மான்னு சொன்னேன் டீச்சர். சரின்னு தலையாட்டுனா. ஆனா நம்பல."

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது ஓய்ந்ததும் டீச்சர் கேட்டார்.

"அந்த மஞ்சள் கவுன் வீடியோ என்னாச்சு?"

சுடர்க்கொடி சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

"என்கிட்ட அதை மட்டும் சொல்லாம விட்டுட்டீங்க" என்றார் டீச்சர்.

"போட்டுட்டேன்."

"எங்க?"

"நம்ம பக்கத்துல."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சொல்ல ஆரம்பித்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் புது வீடியோ வரவில்லை என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மருந்துச் சீட்டு கையில் இருந்தது. தைத்த மஞ்சள் கவுன்கள் வீட்டில் அடுக்கிக் கிடந்தன. அவள் போனைத் திறந்தாள். மதி வருகிறாள். சுற்றுகிறாள். கேட்கிறாள். அவன் நிமிர்ந்து பார்க்கிறான். விழுகிறான். மதி திரும்பி, "மக்களே, அப்பா அவுட்!" என்கிறாள். சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்போடு வெட்டிப் போட்டாள்.

இதுவரை போட்ட எதுவும் அப்படி ஓடியதில்லை. அப்பா நடிப்பு வேற லெவல் என்று எழுதினார்கள். இந்தத் தடவை நிஜமாவே விழுந்த மாதிரி இருக்கு என்று எழுதினார்கள். மஞ்சள் கேட்டு எங்கெங்கிருந்தோ அம்மாக்கள் வந்தார்கள். அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இன்னும் மஞ்சள்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

"மதி பார்த்தாளா?"

"பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க காட்டிருக்கு. வந்து என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டா."

"என்ன?"

"நல்லா வந்திருக்காம்மான்னு கேட்டா."

"நீங்க?"

"ஆமான்னு தலையாட்டுனேன்."

அதற்குப் பிறகு சுடர்க்கொடி அழுதாள். டீச்சர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். தொடவில்லை, ஆறுதல் சொல்லவில்லை.

அழுது முடித்து அவளே கேட்டாள்.

"அழிச்சிரவா டீச்சர்? அழிச்சிட்டா சரியாயிருவாளா? ஆனா அழிச்சா ஆர்டர் நின்னுரும். அவருக்குத் தினம் கை கால் அமுக்க ஆள் வருது. மருந்து இருக்கு. நான் எதைச் செய்ய?"

"வெட்டினதுக்கு அப்புறம் என்ன இருக்கு?"

சுடர்க்கொடிக்குப் புரியவில்லை.

"அவ சிரிச்சதோட வெட்டுனீங்க. வீடியோ அதோட நின்னுடலையே. நிறுத்த அங்க ஆள் இல்ல. அப்புறம் என்ன இருக்கு?"

"தெரியாது டீச்சர். பாக்கல."

"முழுசும் போன்லதான் இருக்கா?"

"இருக்கு."

"பாருங்க."

"என்னால முடியாது."

டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். போனைக் கேட்டு வாங்கவில்லை. மறுபடியும் வற்புறுத்தவும் இல்லை.

சுடர்க்கொடி போனை எடுத்தாள். அந்த வீடியோவைத் தேட வேண்டியிருக்கவில்லை. விரலை வைத்து, வெட்டிய இடம் வரைக்கும் தள்ளினாள். அங்கே விரல் நின்றது. பிறகு எடுத்துவிட்டாள்.

மதி சிரிக்கிறாள். சிரித்தபடியே கொஞ்ச நேரம் நிற்கிறாள். எப்போதும் அம்மா போதும் என்று சொல்லும் வரை நிற்கிற மாதிரி.

"அப்பா, முடிஞ்சிட்டு" என்கிறாள். "எந்திரிங்க."

அவன் எழவில்லை. இடது கை மட்டும் தரையைத் தேய்க்கிறது. மதிக்கு அதுவும் விளையாட்டாகத் தெரிகிறது. குனிந்து அவன் தோளைக் குத்துகிறாள். காதோரம் கிச்சுக்கிச்சு மூட்டுகிறாள். சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுக்கிறாள். விட்டதும் அந்தக் கை தொப்பென்று விழுகிறது.

சிரிப்பு அங்கேதான் போனது. சுடர்க்கொடி அதைப் பார்த்தாள்.

பிள்ளை அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். மஞ்சள் கவுனின் விளிம்பை எடுத்து அவன் வாயோரத்தைத் துடைத்தாள். அப்பா, அப்பா என்றாள். அவன் கண்ணை அசைத்தான். தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. மதி பயந்து எழுந்து வெளியே ஓடினாள்.

படத்தில் நாற்காலியும் பேச்சிமுத்துவின் காலும் மட்டும் இருந்தன. வெளியே கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு வேறொரு கதவு. யாரும் திறந்த மாதிரி இல்லை. திரும்ப ஓடி வருகிற காலடிச் சத்தம்.

மதியின் முகம் படத்தை நிறைத்தது.

தலை சாயவில்லை. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் போனைப் பார்க்கவில்லை. போனுக்குக் கொஞ்சம் மேலே பார்த்தாள். எப்போதும் சுடர்க்கொடியின் முகம் இருக்கிற இடத்தை.

"அம்மா" என்றாள்.

பதில் வருகிறதா என்று பார்த்தாள்.

"அம்மா, அப்பா எந்திரிக்கல. வாங்கம்மா."

 எஸ்தர் டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பிள்ளை இன்னும் கிட்டத்தில் வந்தாள். மூக்கு போனில் இடித்தது. படம் கொஞ்சம் ஆடி நின்றது. குரல் கம்மிப்போயிருந்தது.

"அம்மா. அம்மா."

சுடர்க்கொடி போனை முகத்தருகே கொண்டுபோனாள்.

"இங்கதாம்மா இருக்கேன்" என்றாள்.

மதி மறுபடியும் கூப்பிட்டாள்.