வாச்சி பட்ட மரம்

கிட்டே வந்து உட்காருங்கள். அந்த ஓரத்தில் கால் நீட்டியிருக்கிறவரும் மடக்கிக்கொண்டு வாரும். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லித் திரிகிறவர்களுக்குத்தான் இந்தக் கதை. கோபத்தோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராசாக்கள் ஆண்ட காலத்தில், தெற்குக் கடற்கரையில் சேந்தன் என்று ஒருவன் இருந்தான். நல்ல உடம்பு, கடலை அறிந்த கண். இருந்து என்ன? சம்மாட்டியின் வள்ளத்தில் கூலிக்குத் துடுப்புப் போட்டான். வலையில் விழுகிற நெய்மீன் வள்ளத்துக்காரரான சம்மாட்டிக்கு. நசுங்கிய சாளை சேந்தனுக்கு.

சொந்தமாக ஒரு வள்ளம் குடைய வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் பெண்டாட்டி நாச்சி, தன் அப்பன் வீட்டு மாமரத்தைக் கேட்டு வாங்கி வாசலில் கொண்டுவந்து போட்டாள். மரம் வந்தது. மனுசன் எழுந்திருக்க வேண்டுமே.

மரம் செதுக்கும் வாச்சியை முதல் தடவை எடுத்தான், பல்லி கத்தியது, வைத்துவிட்டான். இரண்டாம் தடவை எடுத்தான், பூனை குறுக்கே போனது, வைத்துவிட்டான். மூன்றாம் தடவை ஒன்றுமே குறுக்கே வரவில்லை. ஒன்றும் வராததே சரியில்லை என்று வைத்துவிட்டான்.

நாச்சிக்கு வயிறு எரியாதா? சம்மாட்டி வேறு, பொறுடா, நல்ல நேரம் வரும் என்று முதுகில் தட்டிக்கொடுப்பார். ஏன் தட்டமாட்டார்? இவன் பொறுக்கப் பொறுக்க நெய்மீன் அவருக்கல்லவா. மரத்தில் கறையான் ஏறியது. கறையான் நாள் பார்த்தா ஏறியது? இன்னொரு மழையில் நனைந்தால் அது வெறும் விறகு.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். வள்ளத்துக்கென்று வாச்சி பட்ட மரம், பிறக்கப்போகிற பிள்ளை மாதிரி. அது கடலில் இறங்கும்வரை அந்த வீட்டு ஆண் அடுத்தவர் வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது.

ஒருநாள் உச்சி வெயில், நல்ல ராகுகாலம். ஊரே பார்க்க நாச்சி வாச்சியை எடுத்து, மரத்தில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

சேந்தன் பதறினான். "ஏளா, எந்த நேரத்தில் என்ன காரியம் செய்தாய்?"

"நீர் நேரம் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை நரைக்குது. இனி அந்த ஆள் வள்ளத்தில் நீர் ஏற முடியாது. குடைந்தால் சோறு, இல்லாவிட்டால் பட்டினி. இதில் எதுக்கு நாள் பார்க்கப் போகிறீர், சொல்லும்."

சம்மாட்டி ஓடிவந்து, பொம்பளை போட்ட வெட்டு செல்லாது என்று வாதாடினார். வெட்டினது யாரென்று மரத்துக்குத் தெரியுமா என்று கேட்டுக் கரையே சிரித்தது. அவர் வந்த வழியே திரும்பிப் போனார்.

பசி விரட்ட, சேந்தன் செதுக்கினான். கறையான் தின்ற பக்கத்தைச் சீவி எறிந்தான். கை ஓட ஓடப் பயம் போனது. மழைக்கு முன்னே வள்ளம் ஆயிற்று.

நினைத்ததைத் தொடங்க நல்ல நேரம் தானாக வராது, கை வைக்கிற நேரமே நல்ல நேரம்.

ஆனாலும் பாருங்கள், பாதி மணலிலும் பாதி அலையிலும் கிடந்த வள்ளத்தில் ஏறி உட்கார்ந்த சேந்தன், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, கடலில் இறக்க வெள்ளிக்கிழமை தோதாக இருக்குமே என்று மெல்லப் பேச்சை இழுத்தான். நாச்சி சேலையை வரிந்து செருகினாள். அலை வந்து அடியைத் தூக்கியதும் இரண்டு கையாலும் வள்ளத்தைத் தள்ளிவிட்டாள்.