மூன்றாம் பக்கத்து மண்டையோடு

இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்கிறவர்களை ஆறு வருஷம் சோதித்துவிட்டு, "சில பதில்கள் பொருந்துகின்றன, காரணம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார் ஒரு பேராசிரியர். மூன்றாம் பக்கத்தில் வரவிருந்த அந்தச் செய்திக்கு நாளிதழ் ஆசிரியர் தில்லைநாயகம் வைத்த தலைப்பு, 'பேயோடு பேசும் பேராசிரியர்!' பக்கத்திலேயே பல்லிளிக்கும் ஒரு மண்டையோட்டுப் படம்.

பிழை திருத்தும் மங்கையர்க்கரசி தாளோடு வந்து நின்றாள். "சார், அவர் பேய்னு எங்கேயும் எழுதல. பாவம், மனுஷனோட மானமே போயிடும்."

ஆசிரியர் சிரித்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் கூடச் சிரித்தார்கள். "இது பகுத்தறிவுப் பத்திரிகைம்மா. செத்தவன் வந்து நம்மகிட்ட பேசுவானா? ஒரே ஒருத்தனைக் காட்டு, மண்டையோட்டை எடுத்துடறேன்."

"பேசறவரைக் காட்ட முடியாது சார். எழுதறவரைக் காட்டட்டுமா?" என்று அன்றைய இதழில் ராசிபலனைப் பிரித்து நீட்டினாள். "ஜோதிடர் வைரவசுந்தரம். போன தை மாசம் காலமானார். இரங்கல் செய்திக்குப் பிழை திருத்தினதே நான்தான். அப்புறமும் ஒரு நாள் தவறாம நமக்கு எழுதிட்டிருக்கார்."

இந்த முறை ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் செய்தி மண்டையோடு இல்லாமல், பேராசிரியர் சொன்னது சொன்னபடியே வந்தது. ராசிபலனும் வந்தது. ஆசிரியரின் சிம்ம ராசிக்கு வைரவசுந்தரம் எழுதியிருந்தார்: "பிழை திருத்துவோருடன் வாக்குவாதம் தவிர்க்கவும்."