எத்தனை கல்?

"எண்ணுறதை நிறுத்த முடியலை ஐயா," என்றான் சாத்தப்பன்.

அவனுடைய குரு, கவனகர் உலகநாதர், முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எதை?"

"எல்லாத்தையும். தூணை, படியை, பொங்கல்ல கெடக்குற மிளகை. படுத்தா என் மூச்சையே எண்ணுறேன். தூங்கி ரொம்ப நாளாச்சு."

மறுநாள் கோயில் மண்டபத்தில் அவனுக்கு அரங்கேற்றம். ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், இன்னொருவர் வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பார். அத்தனை பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்து ஒருவர் முதுகில் சின்னச் சின்னக் கல்லாகப் போடுவார். எத்தனை கல் என்று கடைசியில் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்தான் கவனகம்.

போன வாரப் பயிற்சியில் அவன் ஒரு கல்லைத் தவறவிட்டான்.

"நாளைக்கும் தப்பாயிட்டா?" என்றார் குரு.

"அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வெச்சிருக்காரு. அவர் முகத்துல எப்படி முழிப்பேன்? நீங்களும் அன்னிக்கு ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிட்டீங்க."

"இடுப்பு பிடிச்சுக்கிச்சுடா."

சாத்தப்பன் நம்பவில்லை. குருவுக்கும் இடுப்பு இருக்கும் என்று எந்தச் சீடன்தான் நினைக்கிறான்?

தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"காலையில ஆத்துப் பக்கம் போனேன் ஐயா. ஆழத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன். எனக்கே பயமாப் போச்சு. அதான் இங்க ஓடிவந்தேன்."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"நல்ல வேளை வந்தே," என்றார் குரு. முறத்தைத் தள்ளிவைத்தார். "திரும்பி உட்காரு. எண்ணு."

இப்போதுமா என்று அவனுக்கு அழுகை வந்தது. ஆனாலும் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கல்லுக்காகத் தோள் இறுகியது.

கல் விழவில்லை. உள்ளங்கை விழுந்தது. பிறகு, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் மெல்லத் தட்ட ஆரம்பித்தது. இத்தனை வருஷத்தில் குரு அவனைத் தொட்டதே இல்லை.

"எத்தனை?"

"பதினொண்ணு."

"சரி."

கை நிற்கவில்லை.

"இப்போ?"

"நாப்பது."

"சரி."

முற்றத்து வெயில் சுவர்மேல் ஏறியது. உள்ளே யாரோ குக்கரை இறக்கினார்கள். சாத்தப்பனின் தோள் இறங்கியது. தலை ஒருமுறை சரிந்து நிமிர்ந்தது.

"எத்தனை?"

திடுக்கிட்டு விழித்தான். மனசுக்குள் தேடிப் பார்த்தான். ஓர் எண்கூட இல்லை.

"தெரியலை ஐயா," என்றான். "விட்டுட்டேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, குரு கையை எடுப்பதற்காகக் காத்திருந்தான்.

கை தட்டிக்கொண்டே இருந்தது.