காற்று கேட்ட முதல் மரியாதை

காற்றும் தண்ணீரும் மனிதனோடு வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சன்னாசி என்று ஒருவன் இருந்தான். கைவேலை தெரிந்தவன். யார் தனக்கு என்ன செய்தார்கள் என்பதை மறக்காதவன். மறக்காமல் இருப்பதைக் குற்றம் என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் வீட்டுக் கூரை பறந்ததில்லை.

சன்னாசியின் கூரை பறந்திருந்தது. ஆடி மாதத்தில், புதிதாக வேய்ந்து ஈரம்கூடக் காயாத கூரையைக் காற்று அள்ளிக்கொண்டு போய் ஓடையில் போட்டது. பக்கத்து வீட்டில் இருந்தது இற்றுப்போன பழைய கூரை. அதில் ஒரு கீற்றுகூட அசையவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, அவசரமாகப் போனேன், யார் வீடு என்று பார்க்கவில்லை என்று காற்று சொல்லிவிட்டது. அன்றோடு சன்னாசி காற்றோடு பேச்சை விட்டான். வேர்த்து ஊற்றும் மதியத்தில் அது இதமாக வீசினாலும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவன் மனைவி குருவம்மா. ஊருக்கே தண்ணீர் மலை மேலிருந்த ஊற்றில்தான். குடத்தோடு இறங்கும்போது அவள் பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு பிசகிவிட்டது. கட்டுப் போட்டும் சரியாகக் கூடவில்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஏறி இறங்கினாள். இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சன்னாசி குடத்தை வாங்கப் போனால், ஆம்பளை குடம் தூக்கினால் ஊர் என்னைத்தான் பேசும் என்று கொடுக்க மாட்டாள்.

“நீ ஏற வேணாம். தண்ணியவே நம்ம வாசலுக்கு இறக்கித் தாரேன்” என்றான் சன்னாசி.

சொன்னதைச் செய்கிறவன் அவன். நல்ல முற்றின மூங்கிலாக வெட்டினான். இரும்புக் கம்பியைக் காய்ச்சி உள்ளே இருந்த கணுக்களை உடைத்தான். ஒன்றின் வாயில் இன்னொன்றைச் செருகி, நாரால் சுற்றி, அரக்கு பூசினான். ஊற்றிலிருந்து பள்ளத்தில் இறக்கி, நடுவில் இருந்த பாறை மேட்டின்மேல் ஏற்றி, மறுபடி இறக்கித் தன் வாசலில் கொண்டுவந்து முடித்தான். உலகத்தில் முதல் குழாய் அதுதான்.

ஆனால் மூங்கிலின் வயிறு காற்றின் வீடு. ஊர் சுற்றிக் களைத்தால் அது அங்கேதான் படுக்கும். சன்னாசி வேலையை முடித்த அன்று, பாறை மேட்டின்மேல் இருந்த மூங்கிலுக்குள் காற்று குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. சன்னாசிக்குக் கேட்டது. கூரை ஞாபகம் வந்தது. வாசல் பக்கத்து முனையில் ஒரு கட்டையைச் செருகி அடித்து இறுக்கினான். பிறகு மலை ஏறி ஊற்றை மூங்கிலுக்குள் திருப்பிவிட்டான். தண்ணீர் போய்க் காற்றை நெரித்துக் கொல்லட்டும், அப்புறம் கட்டையை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

கீழே வந்தால் ஊரே அவன் வாசலில் குடத்தோடு நின்றது. குருவம்மா எல்லாருக்கும் முன்னால் நின்றாள். சன்னாசி மூங்கிலில் காது வைத்துப் பார்த்தான். தண்ணீர் மேடு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் சத்தமே இல்லை. கட்டையைப் பிடுங்கினான். அப்போதும் ஒரு சொட்டு வரவில்லை.

என்னவென்று தண்ணீரைக் கேட்டான். மேட்டில் காற்று உட்கார்ந்திருக்கிறது, ஒருவர் படுக்கிற இடத்தில் இரண்டு பேர் எப்படிப் போவது, அவர் எழுந்தால் நான் வருகிறேன் என்று தண்ணீர் சொன்னது.

வேறு வழியில்லாமல் சன்னாசி குழாய் வாயில் குனிந்தான். “கதவத் தொறந்தாச்சு. வெளிய போ.”

“அடைச்சது நீ” என்றது காற்று. “இப்ப போன்னா போயிருவேனா? எனக்கு இங்க நல்லாத்தான் இருக்கு.”

ஊர் சிரித்தது. ஊமை மூங்கிலை நட்டுவைத்து எங்களை நிற்கவைத்தாயே என்று ஒருத்தி கேட்டாள். சன்னாசி மூங்கிலைக் குலுக்கினான், தட்டினான், வாய் வைத்து ஊதியும் பார்த்தான். காற்றின் மேல் காற்று ஊதினால் என்ன ஆகும்? அது இன்னும் சொகுசாகச் சாய்ந்துகொண்டது.

குருவம்மா சும்மாட்டைத் தலையில் வைத்து, குடத்தை எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி மலைப்பாதையில் கால் வைத்தாள்.

சன்னாசி அவளைப் பார்த்தான். பிறகு குழாயைப் பார்த்தான். “என்னதான் வேணும் உனக்கு?”

“கோயில் கொடைத் திருவிழாவுல முதல் மரியாதை யாருக்குன்னு நீங்க மண்டைய ஒடச்சுக்கிறீங்கல்ல. அந்த மரியாதை எனக்கு வேணும். இது என் வீடு. தண்ணி இல்லாதப்ப நான் இருப்பேன். தண்ணி வர்றப்ப நான்தான் முன்னால போவேன். ஊர் கேக்கச் சொல்லு.”

அந்த மரியாதைக்காகச் சொந்தத் தம்பியோடு பேசாமல் இருக்கிறவன் சன்னாசி. அது லேசான பொருள் இல்லை என்று அவனுக்குத் தெரியும். குருவம்மா முதல் பாறையில் கை ஊன்றி ஏறப் போனாள்.

“நில்லு புள்ள” என்று அவளிடம் சொன்னான். பிறகு ஊர் கேட்கக் குழாயிடம் சொன்னான்: “முதல்ல நீ வா. தண்ணி உனக்குப் பின்னால வரட்டும். ஆனா வந்தமா போனமான்னு இருக்கணும். தண்ணி வந்தப்புறம் நீ உள்ள நிக்கக் கூடாது. நான் ஒன்னும் மறந்துடல.”

“நானும் மறக்கல” என்றது காற்று.

சொல்லிவிட்டுப் புறப்பட்டது. பெரிய மனிதர்கள் சபைக்கு வரும்போது தொண்டையைச் செருமுவார்களே, அப்படிச் செருமியது. இருமியது. மூங்கில் கிடுகிடுவென்று ஆடியது. வாய்க்கு வந்ததும் உள்ளே கிடந்த செம்மண் கலங்கலை எல்லாம் சேர்த்துச் சன்னாசியின் முகத்திலும் வேட்டியிலும் புளிச்சென்று துப்பிவிட்டு வெளியேறியது. சன்னாசி நகரவில்லை. அதன் பின்னாலேயே தண்ணீர் தெளிவாக, கனமாக இறங்கியது. குருவம்மா திரும்பி வந்து முதல் குடத்தை வைத்தாள். அதற்குப் பிறகு அவள் மலை ஏறவே இல்லை.

இரண்டு பேரும் கடைசிவரை ராசியாகவில்லை. ஆனால் கொடுத்த வாக்கை இரண்டு பேருமே மீறவில்லை. மூங்கில் போய் இரும்பு வந்தது, இரும்பு போய் பிளாஸ்டிக் வந்தது, அன்றைய பேச்சு மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த வாக்கினால்தான், தண்ணீர் நின்று மறுபடி வரும்போது குழாயைத் திறந்தால் முதலில் காற்று வருகிறது, செருமி, இருமி, கலங்கலைத் துப்பிவிட்டுப் போகிறது. குடம் வைக்கிறவர்களும் ஓரடி தள்ளி நின்று அதற்கு வழி விடுகிறார்கள்.