நோகாமல் கழுவிய புண்

திருமேனியம்மாளிடம் வைத்தியம் படிக்க வந்தபோது சாத்தப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவைவிடப் பத்து வயது மூத்தவர். வைத்தியம் படிக்க வந்த மனிதருக்கு ரத்தத்தைக் கண்டாலே ஆகாது என்று ஊரில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வருஷம் இசக்கியப்பன் காலில் ஆறாத புண்ணோடு வந்தான். உப்பளத்தில் வேலை செய்கிறவன். கால் போனால் பாத்தியில் இறங்க முடியாது, பாத்தியில் இறங்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அம்மாள் ஒரு மாதம் வெளியூர் போக வேண்டியிருந்ததால் அவனைச் சாத்தப்பனிடம் ஒப்படைத்தார்.

"கிருமி தனியா இருந்தா கசாயத்துல செத்துரும். கூட்டமாச் சேர்ந்து பிசுக்கைப் போர்த்திக்கிட்டா கசாயம் உள்ள இறங்காது. கசாயத்துல இருக்கிற வேப்பம்பட்டையும் கடுக்காயும் அந்தப் பிசுக்கோட பிடியைத் தளர்த்தும். தளர்ந்ததைத் துணியால வழிச்சு எடுங்க. கத்துவான். விட்டுராதீங்க. கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது."

சாத்தப்பன் தலையாட்டினார்.

அம்மாள் திரும்பி வந்தபோது இசக்கியப்பன் டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அன்று அவனைப் பார்த்துவிட்டு வந்த சாத்தப்பன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார்.

"மருந்துல எது குறைஞ்சுது அம்மா? நாள் தவறாம ஊத்தினேன். கேக்கலைன்னதும் இரட்டிப்பாக் காய்ச்சி ஊத்தினேன்."

அம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தார். வழிப்போக்கர்களுக்காக வாசலில் வைத்திருந்த தண்ணீர்ப் பானையைக் காட்டினார். ஒரு மாதமாக யாரும் தேய்க்காத பானை.

"இதைக் கழுவுங்க."

"எதை வச்சு அம்மா?"

"அதே கசாயத்தை வச்சு."

சாத்தப்பன் கசாயத்தை ஊற்றி அலசிக் கொட்டினார். உள்ளே விரலை ஓட்டிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. மறுபடி ஊற்றினார். மூன்றாம் தடவையும் பிசுக்கு அப்படியே இருந்தது.

அவருக்குச் சலித்துவிட்டது. கசாயத்தைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேங்காய் நாரை எடுத்தார். கையை உள்ளே விட்டு அழுத்தித் தேய்த்தார். பிசுக்கு தோல் தோலாக உரிந்து வந்தது. இன்னொரு தடவை அலசிக் கொட்டினார்.

"இப்ப?"

"சுத்தமாயிருச்சு."

"கசாயத்தை மாத்தினீங்களா?"

"இல்ல அம்மா. அதே கசாயந்தான்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தன்மேலேயே வெறுப்பாக வந்தது. கையிலிருந்த நாரைக் கீழே போடவும் தோன்றவில்லை.

"முதல் நாள் துணியை வச்சேன். அவன் போட்ட சத்தத்துல என் ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. அப்புறம் துணியைத் தொடவே இல்ல. வெறுமனே ஊத்தினேன். பானை கத்தலையே அம்மா."

"இன்னைக்கு அவன் என்ன சொன்னான்?"

சாத்தப்பன் நாரைக் கையில் திருகிக்கொண்டே சொன்னார்.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். எத்தனையோ பேர் பார்த்தாங்க அண்ணாச்சி, நீங்க ஒருத்தர்தான் என்னை நோகடிக்காமப் பார்த்தீங்கன்னான். உங்களை மறக்க மாட்டேன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"